கேட்காமல் எடுத்த பெயர்

பல் மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பின்னறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் ஒரே வெள்ளை. வயதில் பெரியவர் என்று எழுந்து நின்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்ததும் பாதி வயது உதிர்ந்து கீழே விழுந்தது. அத்தனையும் பிளாஸ்டர் தூள். பல்செட் செய்கிறவர். நோயாளிகள் அவரைப் பல்செட்காரர் என்பார்கள். நான் அண்ணா என்று கூப்பிடத் தொடங்கினேன், அதனால் அவர் மனைவி எனக்கு அண்ணி ஆனார். இங்கே எழுதுவதில் பாதி அண்ணன் சொன்னது, பாதி அண்ணி சொன்னது. நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பதும் அந்தக் கொஞ்சத்தைத்தான்.

மருத்துவமனை என்று பலகை சொன்னாலும், செருப்புக்கடை மாடியில் மூன்று அறைகள், அவ்வளவுதான். முன்னறையில் ஒரு மேசை, தொலைபேசி, நான். எதிரே காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. நடுவறையில் டாக்டர். பின்னறை அண்ணனுடையது. டாக்டர் எடுத்துக் கொடுக்கும் வாய் அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார். அதன்மேல் மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, தள்ளி நின்று பார்ப்பார். ஒரு பல்லைத் துளி முன்னால் இழுத்தால் ஆள் சிரிக்கிற சிரிப்பே மாறிவிடும் என்பார். அந்த அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதெல்லாம் அங்கே கேட்கும். பல் போனவர்களுக்கு வாய்க்கு வேலி கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது என்று அண்ணன் சிரிப்பார்.

அண்ணன் கதை எழுதுவார். செட் வெந்நீரில் கிடந்து இறுகும் நேரத்தில், மேசை ஓரத்தைத் துடைத்துவிட்டு எழுதுவார். தாளைத் தூக்கினால் பிளாஸ்டர் மாவு உதிரும்.

சொந்தப் பெயரில் அனுப்பியவை எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. கோளாறு பெயரில் இருக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம் விழுந்தது. புனைபெயர் தேட ஆரம்பித்தார். அப்பா பெயரிலிருந்து ஓர் எழுத்து, அம்மா பெயரிலிருந்து ஓர் எழுத்து என்று சேர்த்துப் பார்த்தார். பூச்சிமருந்தின் பெயர் போல வந்தது. பிறந்த ஊரை முன்னால் வைத்தார். பஸ் பலகை போல இருந்தது. கடலையும் நிலவையும் நெருப்பையும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார். அந்தப் பெயர்களைத் தாங்குகிற அளவுக்குத் தனக்கு உடம்பு இல்லை என்று அவரே விட்டுவிட்டார். கடைசியில் ஒரு மத்தியானம், எழுதி முடித்த கதையின் அடியில் மனைவியின் பெயரை எழுதினார். சின்னப் பெயர். பார்க்க நன்றாக இருந்தது. அனுப்பிவிட்டார். அண்ணியிடம் கேட்கவில்லை.

ஏன் அந்தப் பெயர் என்று பிற்காலத்தில் நானே அவரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில், டாக்டருக்குத் தெரிந்தால் நோயாளிகள் கதையை எழுதுகிறாயா என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றார். இன்னொரு சமயம், பெண் பெயர் என்றால் பத்திரிகைக்காரர்கள் பிரித்தாவது பார்ப்பார்கள், மனைவி பெயரில் எழுதாதவர்களா என்றார். தலை நரைத்தபிறகு, இந்த முறை பிளாஸ்டர் இல்லாமல் நிஜமாகவே நரைத்தபிறகு, மூன்றாவது பதில் சொன்னார். கதை திரும்பி வந்தால் அது தன்னைத் திருப்பி அனுப்பியதாக இருக்காது அல்லவா, அதுதான் என்றார்.

அந்தக் கதை திரும்பி வரவில்லை. கணவனுக்குத் தெரியாமல் பல்செட் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், விளக்கை அணைத்தபிறகே அதைக் கழற்றி வைப்பதைப் பற்றிய கதை. வாரப் பத்திரிகையில் பக்கம் நிறைய படத்தோடு வந்தது. அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் மடியில் விரித்து வைத்தார். அண்ணி படித்துவிட்டு, என் பேரில் யாரோ நன்றாக எழுதுகிறார்களே என்றாராம். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கு அவருக்குக் கோபமே வரவில்லை. கடைக்குப் போய் இன்னும் சில பிரதிகள் வாங்கி, ஒன்றைத் தன் அக்காவுக்குக் கொடுத்தார். எழுதியது கணவர்தான் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சில வருடங்கள் அது ஒரு விளையாட்டு மாதிரியே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நிறுத்திக் கேட்பார்கள், எப்படித்தான் எழுதுகிறாய் என்று. பதில் சொல்ல வேண்டுமே என்று அண்ணி ஒவ்வொரு கதையையும் முன்னாலேயே படித்து வைத்துக்கொண்டார். படிக்கும்போது திருத்தமும் சொன்னார். அழுது முடித்த பெண் உடனே கண்ணாடி பார்ப்பதாக அண்ணன் எழுதியிருந்தார். "எந்தப் பொம்பளையும் அப்படிப் பார்க்க மாட்டா, அடுப்பைத்தான் பார்ப்பா" என்று அண்ணி அந்த வரியை அடித்து மாற்றினார். மாற்றிய வரியைப் பாராட்டிப் பத்திரிகை ஆசிரியரே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். வீட்டில் தொலைபேசி இல்லாத காலம். எழுத்தாளருடைய கணவர் என்ற முறையில் அண்ணன்தான் பேசுவார். அம்மா கூச்ச சுபாவம், வெளியே வர மாட்டாங்க என்று அவர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அண்ணியின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவருக்குக் கப்பலில் வேலை என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அந்த மனிதர் வேறொருத்தியோடு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. எப்போதாவது தூரத்துக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு வாசனைத் திரவியமோ கைக்கடிகாரமோ தானே வாங்கிப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்வார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருக்கும்போது, அவர் அனுப்பியிருக்கிறார் என்று பிரிப்பார். தங்கைக்கு மட்டும் இது தெரியும். தங்கை ஒரு நாள் மனம் தாளாமல் கணவரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, இது நம்மோடு இருக்கட்டும் என்றும் சொன்னார்.

அண்ணன் அதை எழுதிவிட்டார். ஊரை மாற்றினார், கப்பலை ரயிலாக மாற்றினார், பொட்டலத்தை மாற்ற மனம் வரவில்லை. அந்தப் பொட்டலம்தான் கதையே என்று என்னிடம் சொன்னார். அதை மட்டும் அண்ணியிடம் முன்னால் காட்டவில்லை. அச்சில் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன் என்பார். அப்படி அவர் நினைத்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பத்திரிகை வந்த வாரமே அக்காவின் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. தங்கையின் பெயர் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தானே. அக்கா பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தார். அண்ணன் குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு வாசல்படி அருகே நின்றிருந்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய்த் தங்கையின் எதிரே நின்றார்.

"உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அண்ணன் துண்டின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில உன் பேருதானே போட்டிருக்கு? உன் பேரு வேற யாருக்காவது இருக்கா?"

எழுதியது நான் இல்லை என்று அண்ணி சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எழுதினது நான் இல்லைதான். ஆனா இவர்கிட்ட சொன்னது நான்தானே. எதைச் சொல்லித் தப்பிக்கிறது?" என்றார். அக்கா பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சில மாதங்களில் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்கும் போய்விட்டார்.

அண்ணன் போய் உண்மையைச் சொல்வதாக இருந்தார். அண்ணி அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். அக்கா ஊரைவிட்டுப் போவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றார் அண்ணன். அந்த ஞாயிறு பல்செட் உடைந்த ஒருவருக்கு அவசர வேலை. அடுத்த ஞாயிறு மழை. அதற்குள் ஒரு பதிப்பாளர் கதைகளைப் புத்தகமாகப் போட முன்வந்தார். பெண் எழுத்தாளர் என்று அட்டையிலேயே போடுவோம், நல்லா போகும் என்றார் அவர். இந்த நேரத்தில் போய் எழுதியது நான்தான் என்று எப்படிச் சொல்வது என்று அண்ணன் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். புத்தகத்தில் அந்தக் கதை மட்டும் வேண்டாம் என்று அண்ணி சொன்னார். பதிப்பாளர் அதைத்தான் முதல் கதையாக வைத்தார், அண்ணன் மறுக்கவில்லை.

அதன்பிறகு அண்ணி எந்தக் கதையையும் முன்கூட்டிப் படிக்கவில்லை. பக்கத்து வீட்டார் கேட்டால், இப்போதெல்லாம் எழுதுவதில்லை என்றார். ஆனால் வாராவாரம் பெயர் அச்சில் வந்துகொண்டிருந்தது. பொய் சொல்கிறவள் என்று அவரைத்தான் நினைத்தார்கள். வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, துணி வெளுத்து மடித்து வந்தது. பேச்சு மட்டும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் காலை, வழக்கம்போல் ஆசிரியர் தொலைபேசியில் வந்தார். நான் எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். கையில் மெழுகுக் கத்தியோடு வந்தார். பெஞ்சில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அண்ணன் முதலில் சிரித்துப் பேசினார். பிறகு, "கொஞ்சம் படிங்க பார்ப்போம்" என்றார். கேட்டுக்கொண்டே நின்றார். கத்தியை என் மேசைமேல் வைத்தார். கடைசியில், "எங்க வீட்டுல எழுதினது இல்லைங்க. யாரோ பேரைப் போட்டு அனுப்பியிருக்காங்க. கிழிச்சுப் போட்டுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னறைக்குப் போகாமல், நோயாளிகளுக்கு நடுவில், அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். அண்ணி ஒரு கதை எழுதியிருந்தார். மத்தியான வேளைகளில், சமையலறை மேசையில், யாருக்கும் சொல்லாமல் எழுதியிருந்தார். எழுதி முடித்து, தன் பெயரைப் போட்டு, வீட்டு விலாசத்தைப் போட்டு அனுப்பிவிட்டார். பத்திரிகைக்கு அதுவரை தெரிந்தது மருத்துவமனை விலாசம்தான், அதனால் ஆசிரியருக்குச் சந்தேகம். எழுத்து கரடுமுரடாக இருக்கிறது, அம்மாவுடைய நடை இது இல்லையே, யாராவது பெயரைத் திருடுகிறார்களோ என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். சரிபார்க்க முதல் வரியைப் படித்துக் காட்டினார். "என் அக்காவுக்குப் பரிசுப் பொட்டலம் கட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்."

அண்ணனுக்கு அது தெரியாது. பொட்டலம் கட்டியது அக்கா என்று எழுதினாரே தவிர, அந்தப் பளபளக்கும் தாளைத் தேடி வாங்கியதும், வெளிநாட்டிலிருந்து வந்தது போல மூலையை மடிக்கப் பழக்கியதும் தன் மனைவி என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. ஒரே வரியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுதியது யார் என்பதும் புரிந்தது, தன் கதை எவ்வளவு மேலோட்டமானது என்பதும் புரிந்தது.

அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"உண்மை வெளியே வந்துடுமேன்னு பயம். அது மட்டும் இல்லைம்மா. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ மேல பொறாமை வந்துச்சு."

இன்றைக்கே வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். சொல்லவில்லை. அண்ணியோ தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் வேலைக்குக் கிளம்பி வந்தார். கேட்கும்போதெல்லாம், சொல்லணும், நேரம் வரட்டும் என்றார். அந்த நாட்களில் அவர் செய்த செட் ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. டாக்டர் மூன்று பேருடையதைத் திருப்பி அனுப்பினார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணியே ஒரு கடையிலிருந்து ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசினார். தன் பெயரைச் சொல்லி, நான் அனுப்பிய கதை என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினாராம். அந்த அம்மா வெளியே பேசவே மாட்டாங்க, அவங்க வீட்டுக்காரரையே கேட்டுட்டோம், அது அவங்க எழுதினது இல்லையாம், தயவுசெய்து இனிமே அவங்க பேரைப் பயன்படுத்தாதீங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என் பேரைச் சொன்னேன். நான் இல்லைன்னுட்டாங்க" என்றார்.

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். நாளைக்கே போய் ஆசிரியரிடம் சொல்கிறேன், இனி ஒரு வரி எழுத மாட்டேன், பேரை உனக்கே விட்டுவிடுகிறேன் என்றெல்லாம் சொன்னார். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தப் பேரைக் கேட்டா இப்ப எனக்கே உங்க ஞாபகம்தான் வருது. அதை நான் வாங்கி என்ன பண்றது? நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அண்ணன் சொன்னபடி செய்தார், இந்த முறை. மறுநாளே ஆசிரியரைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஆசிரியர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். இதையே ஒரு கட்டுரையாக்கலாமே, இருவரையும் சேர்த்துப் படம் எடுக்கலாமே என்றார். அண்ணன் அந்தக் கதையைத் திருப்பிக் கேட்டார். கிழித்துப் போடச் சொன்னதே நீங்கள்தானே என்றார் ஆசிரியர்.

பிறகு விசாரித்து விலாசம் வாங்கிக்கொண்டு அக்காவின் ஊருக்குப் போனார். அக்கா கதவைப் பாதி திறந்து நின்றபடி முழுவதையும் கேட்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "அவ எழுதியிருக்க மாட்டான்னு அன்னிக்கே ஒரு மனசு சொல்லுச்சு. நீங்க வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அண்ணன் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார்.

அதோடு அவர் எழுதுவதை விட்டார். மாவு படிந்த தாள் எதுவும் பின்னறையில் பிறகு இல்லை. ஆசிரியர் ஓரிரு முறை கூப்பிட்டார், பிறகு அவரும் மறந்தார். படிக்கிறவர்கள் அதைவிடச் சீக்கிரம் மறந்தார்கள்.

ஒன்றிரண்டு வருடங்கள் போயிருக்கும். ஒரு நாள் அக்கா முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். பைக்குள் ஒரு பத்திரிகை நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நேரே சமையலறைக்குப் போய்விட்டார். முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் பேச்சு. அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை அந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்குப் போட்டபடி அண்ணன் முன்னறையில் தனியே உட்கார்ந்திருந்தார். அண்ணி அந்தக் கதையை மறுபடி எழுதியிருக்கிறார், அது அச்சில் வந்திருக்கிறது, அக்கா படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது மட்டும் காதில் விழுந்த பேச்சிலிருந்து அவருக்குத் தெரிந்தது. எந்தப் பத்திரிகை, என்ன பெயர் என்பது தெரியவில்லை. அக்கா கிளம்பும்போது பத்திரிகையும் பையோடு கிளம்பிவிட்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் மெதுவாகக் கேட்டிருக்கிறார், என்ன பேரில் எழுதினாய் என்று.

"அது எனக்கு மட்டும் இருக்கட்டுங்க" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாராம்.

நானும் ஒருமுறை கேட்டேன். எனக்கும் சொல்லவில்லை. எப்படித் தேர்ந்தெடுத்தீங்க என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்றேன். "யாருக்கும் சொந்தமில்லாத பேரா தேடினேன். கிடைக்கிறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு" என்றார்.

இப்போது அண்ணன் வேலையை விட்டுவிட்டார். டாக்டரும் இல்லை. ஆனால் கடைக்கு வரும் பத்திரிகைகளில் ஒன்று விடாமல் வாங்கிவிடுகிறார். தடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதையையும் படிக்கிறார். ஆண் பெயர், பெண் பெயர், இரண்டிலும் சேராத பெயர் எல்லாவற்றையும் படிக்கிறார். அடுப்பைப் பார்க்கும் பெண் எங்காவது வருகிறாளா, அக்கா வருகிறாளா, வரிகள் கரடுமுரடாக இருக்கின்றனவா என்று தேடுகிறார். ஒருமுறை பிடித்துவிட்டதாகவே நம்பினார். இரண்டு பெண்கள் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பற்றிய கதை. அதை நாலு முறை படித்துவிட்டு, அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது, எவ்வளவு நல்ல கதை, இதை எழுதிய கையைத் தொட்டுப் பார்க்கணும் போல இருக்கிறது என்று சொன்னார்.

அண்ணி பத்திரிகையை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க. ஆனா நான் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

போன வாரம் நான் பார்க்கப் போனபோது அண்ணன் இதைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணி உள்ளே இருந்தார். அவர் காதில் விழாதபடி அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்டுபிடிக்க முடியலையேங்கிறது இல்லைம்மா என் பயம். எப்பவோ அவ கதை கையில வந்திருக்கும், சுமாரா இருக்குன்னு நானே புரட்டிட்டுப் போயிருப்பேன். அதுதான்."